இருபது வயது தாண்டிய விடெக் காரை வாங்கவும் பேணவும்

கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். பம்ப் செட்டுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் என்று நாள் முழுதும் இரும்போடு மல்லுக்கட்டுகிறவள். அந்தக் கர்வத்தில்தான் 2019-இல், 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒன்றை 1,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். எது கெட்டாலும் நாமே கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. இன்றுவரை அந்தக் காருக்காக ஓர் இரும்புப் பாகத்தைக்கூட நான் கடைய நேரவில்லை. என் பணத்தைத் தின்றதெல்லாம் ரப்பர்: பெல்ட், குழாய், சீல், சஸ்பென்ஷன் புஷ்.

ஆகவே பழைய ஸ்போர்ட்டி கார் மீது ஆசை வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு இதுதான்: காரின் விலைக்குச் சமமான தொகையில் முக்கால் பங்கை முதல் ஆண்டிலேயே ரப்பருக்கென்று ஒதுக்கி வையுங்கள். அலாய் வீல், சைலன்சர், ஸ்டிக்கர் எல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சுவதில்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோண்டா சீல் நிறுவனம் இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை சிட்டியின் வேகமான வடிவம் இது. 1,493 சிசி, 106 குதிரைத்திறன். 2003-இல் அடுத்த தலைமுறை வந்தபோது ஐ-டிஎஸ்ஐ எஞ்சினுக்கு 77 குதிரைத்திறன்தான். மைலேஜ் பார்ப்பவர்கள் மகிழ்ந்தார்கள்; மற்றவர்கள் பழைய விடெக்கைத் தேட ஆரம்பித்தார்கள். விடெக் என்ற பெயருக்குள்ளே நடப்பது எளிமையான சூழ்ச்சிதான். காற்று உள்ளே வரும் இன்லெட் பக்கத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் உயரமான மூன்றாவது முனை ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டர் முள் 5,000-ஐ நெருங்கும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டிவிடும். அதன் பிறகு வால்வுகள் அந்த உயரமான முனையின் சொல்படி திறக்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்த கார் அந்த நொடியில் பாட ஆரம்பிக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன் போய்ப் பாருங்கள். "இப்போதுதான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்" என்று விற்பவர் சொன்னால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல்கள் கெட்டியாகிவிட்டன என்று பொருள். அதுவும் ரப்பர்தான், மாற்றிவிடலாம். ஓடும்போது முடுக்க முடுக்க நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; வேறு கார் பாருங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ன என்று பாருங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் விலைக்குப் பயந்து கேஸ் கிட் பொருத்தி, விற்கும்போது கழற்றிவிட்ட கார்கள் நிறைய உண்டு. டிக்கியில் சிலிண்டர் பொருத்திய துளைகள் காட்டிக்கொடுக்கும். கேஸில் நெடுநாள் ஓடிய எஞ்சினில் வால்வு இருக்கைகள் தேய்ந்து வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, சுருங்கியிருக்கும். அது நூல்கண்டில் கையை விட்ட கதை.

குனிந்து முன் ஸ்பிரிங்கையும் பாருங்கள். என் காரின் முந்தைய உரிமையாளர் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்திருந்தார். அறுத்த முனை அதன் இருக்கையில் உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நகர்ந்துவிடும். பத்தாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்க அது எனக்கு உதவியது என்பது வேறு விஷயம்.

பதிவுக் காலம் எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். 15 ஆண்டு முடிந்ததும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐ முடிவுத் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுத்து, காரை நேரில் காட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. என் காரின் முறை வந்தது அதே ஆண்டு ஜூலையில். மூன்று மாதத்தில் தப்பவிட்டேன். அந்தக் கட்டணத்தைப் பிறகும் உயர்த்தியிருக்கிறார்கள். பசுமை வரி தனி. அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள்.

முதலில் டைமிங் பெல்ட்

கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். கார் வீட்டுக்கு வந்த வாரமே அதை மாற்ற வேண்டும். "போன வருஷம்தான் மாற்றினோம்" என்ற வாய்மொழியை நம்பாதீர்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பெல்ட்டோடு போக வேண்டிய செலவு எஞ்சினோடு போகும். கிலோமீட்டர் எத்தனை ஓடியது என்பதைவிட எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதுதான் இங்கே கணக்கு. நான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

பெல்ட்டோடு டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய பம்ப் ஆறு மாதத்தில் ஒழுக ஆரம்பித்தால் மறுபடி அதே கூலியைக் கொடுத்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கிராங்க் புல்லி போல்ட் எளிதில் அசையாது. புல்லியை அசையாமல் பிடிக்க ஒரு கருவி வேண்டும். நான் அறுகோணத் துண்டு ஒன்றைப் பட்டறையில் செய்து, நீளமான பட்டையில் வெல்டிங் வைத்துக்கொண்டேன். அது இப்போது சிங்காநல்லூரில் எங்கள் மெக்கானிக் அண்ணாவிடமே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். இந்தக் காலத்து ஹோண்டா எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். பெல்ட் போட்டு முடித்ததும் கையால் சுற்றிப் பார்ப்பவர் பழக்கத்தில் வலப்பக்கம் சுற்றினால் பெல்ட் தளர்ந்து ஒரு பல் தாண்டிவிடும். நன்கு அனுபவப்பட்ட மெக்கானிக்கிடமும் இதை ஒருமுறை நினைவூட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வால்வு கவரைத் திறந்திருக்கும்போதே, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த நிலையில், வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இன்லெட் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 மி.மீ. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே போகும்போது லேசாகப் பிடித்துப் பிடித்துப் போக வேண்டும். வால்வு சத்தமே இல்லை என்று யாராவது பெருமைப்பட்டால் சந்தேகப்படுங்கள். இந்த எஞ்சின் தையல் இயந்திரம்போல மெல்ல ஒலிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி இல்லாவிட்டால் அது முழுதாக மூடாது. மூடாத வால்வு சூட்டைத் தன் இருக்கைக்குக் கடத்த முடியாமல் கருகிப்போகும்.

குழாய்கள், எண்ணெய், தெர்மோஸ்டாட்

ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், வேக்குவம் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், நான்கு பிரேக் ஹோஸ்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்த கோடுகள் தெரிந்தாலோ, பணியாரம்போல மெத்தென்று உப்பியிருந்தாலோ மாற்றுங்கள். பெட்ரோல் குழாயில் அலட்சியம் வேண்டாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2002-இல் செய்த ரப்பர் அதை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் தாங்கும் என்று அச்சிட்ட எரிபொருள் குழாயை வாங்கிப் பொருத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அரை டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைக்காதீர்கள். அதிக ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் காற்றாகப் பறக்கும் என்பார்கள். அழுத்த விகிதம் அதிகமில்லாத இந்த எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கோவை, திருப்பூர்ப் பக்கம் மெக்கானிக்குகள் பலருக்கும் ஒரு கெட்ட பழக்கம்: கார் சூடானால் முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிவது. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டவே நேரமாகும். அதுவரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், ரிங் தேயும், விடெக்கும் வேலை செய்யத் தயங்கும். என் காரிலும் அது இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. புதிதாகப் பொருத்தி, கூலன்ட் ஊற்றி, காற்றை முழுதும் வெளியேற்றினால் வெப்பமானி முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அதன் பிறகும் சூடானால் ரேடியேட்டரைப் பாருங்கள். மேல் தொட்டி பிளாஸ்டிக், இத்தனை வயதில் பழுப்பேறி மயிரிழை விரிசல் விட்டிருக்கும்.

எஞ்சின் எண்ணெய் 10டபிள்யூ-30 போதும், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். இடையில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மேல் ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் பழைய எஞ்சின் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். விடெக் திடீரென்று விழிக்க மறுத்தால் கணினி, சென்சார் என்று ஓடாமல் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால், விடெக்குக்கு எண்ணெய் வழியைத் திறந்துவிடும் மின் வால்வான சாலினாய்டைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிறிய சல்லடை இருக்கும், கசடு அடைத்திருக்கும். கழுவி, புது ஓ-ரிங் போட்டு மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்தது.

கியர் பெட்டிக்கு ஹோண்டாவின் எம்.டி.எஃப். எண்ணெய்தான். தடித்த 80டபிள்யூ-90 ஊற்றினால் காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும்.

மே மாத வெயிலில் நிறுத்திவிட்டு வந்து முடுக்கும்போது செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றவில்லை, அரைமணி கழித்துத் தானாகப் பற்றுகிறது என்றால், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயைப் பாருங்கள். பழைய ரிலேயின் ஈயப் பற்று சூட்டில் விரிவடைந்து மயிரிழை அளவு விலகும். நல்ல டி.வி. மெக்கானிக் ஒருவர் பத்து நிமிடத்தில் மறுபடி பற்றவைத்துவிடுவார்.

சக்கரத்துக்கு மேலே, பாடிக்குக் கீழே

ஓட்டும் சுகம் இருப்பது இங்கேதான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டில் தொடங்குங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் முதல் கியரில் கிளட்சை மிக லேசாக விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், காருக்கு முன்னால் வேண்டாம். எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் எகிறிக் குதித்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. பிறகு சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பர் பொதிந்த புஷ்கள்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், பின் சஸ்பென்ஷன் புஷ்கள், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்.

இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு பட்டறையில் எல்லாப் புஷ்களையும் மாற்றினேன். ஆறே மாதத்தில் இரண்டு கிழிந்துவிட்டன. பாகம் போலியோ என்று சண்டைக்குப் போனேன். அப்பா கிழிந்த புஷ்ஷை மேசை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மணி, இது தேய்ந்து கிழியவில்லை, முறுக்கிக் கிழிந்திருக்கிறது" என்றார். விஷயம் இதுதான்: காரை லிஃப்டில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, எந்நேரமும் முறுக்கிலேயே வாழும். போல்ட்டை முதலில் கையிறுக்கமாக மட்டும் போட்டு, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பார்கள். பந்தயக் காருக்குச் சரி. அவிநாசி சாலையின் ஒட்டுத்தார் எல்லாம் முதுகெலும்பில் எண்ணப்படுவதில் எனக்கு ஆர்வமில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரில் நான் மலையேற மாட்டேன். என் காரில் வாங்கும்போது 205/45 ஆர்16 அளவில் கனத்த வீல்கள் இருந்தன. அவற்றை விற்றுவிட்டு 14 அங்குல அலாய்க்கு இறங்கி, 185/60 ஆர்14 டயர் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் காரை ஏன் சின்னதாக்கிவிட்டாய் என்றார்கள். ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் எடை குறைந்ததை முதல் வளைவிலேயே கை உணர்ந்துவிடும்.

வேறு அலாய் போடுபவர்கள் மூன்று அளவுகளைப் பாருங்கள்: போல்ட் வட்டம் 4x100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்), நட் எம்12x1.5, நடுத்துளை 56.1 மி.மீ. கடையில் விற்கும் அலாய்களில் நடுத்துளை 67 அல்லது 73 மி.மீ. என்று பெரிதாக இருக்கும். சக்கரம் ஹப்பின் நடுவில் உட்காராமல் நட்டுகளின் தயவில் தொங்கும், 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். இங்கேதான் என் லேத்துக்கு வேலை வந்தது. அலுமினியத்தில் நான்கு வளையம் கடைந்தேன். உட்துளை மிகச் சரியாக 56.10; மைக்ரோமீட்டரில் பார்த்துப் பெருமைப்பட்டேன். நடுக்கம் மாயமாக நின்றது. ஐப்பசி மழை முடிந்து பஞ்சரான ஒரு நாள் சக்கரத்தைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எஃகு ஹப்பும் அலுமினிய வளையமும் ஈரத்தில் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. மரச் சுத்தியலால் அரைமணி நேரம் தட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை உட்துளையில் 0.05 மி.மீ. தளர்வு வைத்தேன், மாட்டும்போது மெல்லிதாகக் கிரீஸ் தடவினேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். எந்த லேத் பட்டறையும் செய்து கொடுக்கும்.

கியர் நாப் கதையையும் சொல்லிவிடுகிறேன். எம்10x1.5 மரை. கனமான நாப் இருந்தால் கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்று பித்தளையில் கடைந்து மெருகேற்றினேன். அழகோ அழகு. சித்திரை மதியத்தில் வெயிலில் நின்ற காரில் ஏறிப் பிடித்தபோது உள்ளங்கை பழுத்துவிட்டது. இப்போது டெல்ரின் என்ற கறுப்பு பிளாஸ்டிக்கில் நாப். பித்தளை நாப் பூஜை அலமாரியில் இருக்கிறது.

எதை மாற்றக் கூடாது

திறந்த கூம்பு வடிவக் காற்று வடிகட்டி சத்தம் தரும், எஞ்சினின் சூடான காற்றை உறிஞ்சும். கம்பெனிப் பெட்டி வெளிக் காற்றை இழுக்கிறது. அதிலேயே நல்ல வடிகட்டி போடுங்கள். அகலமான சைலன்சர் 1.5 லிட்டர் எஞ்சினுக்குத் தெருவில் எதிரிகளைச் சேர்ப்பதற்கு மட்டும் உதவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அலாய் போட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதைவிட அது மலிவு.

உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் டெல்லி மாயாபுரியும் இருக்கின்றன. கண்ணாடி, விளக்கு, கதவுப் பூட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பழையதாக வாங்கலாம். ரப்பரும் பிரேக்கும் எந்நாளும் புதிதாகவே.

மலைக்கும் தடத்துக்கும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் பாடும். இறங்கும்போதுதான் காரின் நிலை தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

வேகமாக ஓட்ட ஆசை என்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கோவையில் உருவாக்கிய கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்தது, சுமார் 2.1 கி.மீ. தடம். குழுக்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் நாட்களில் கட்டணம் கட்டி, ஹெல்மெட்டோடு போகலாம். போகும் முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். எண்ணெய் மேல் கோடு வரை இருக்கட்டும். டிக்கியைக் காலி செய்யுங்கள். நான்கைந்து சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்டாமல், கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை இறக்குங்கள்.

நிறுத்தியதும் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடாதீர்கள். கொதிக்கும் டிரம்மில் லைனிங் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். என் டிக்கியிலிருந்து கடைசியாக இறங்குவது அதற்கான இரண்டு கட்டைகள்தான். வேப்ப மரம், அப்பா சரிவாக அறுத்து, என்னிடம் கேட்காமலே அடியில் பழைய டயர் துண்டை ஆணியடித்துக் கொடுத்தார்.